சுத்தமான குளமாம்!

நம்ம நகர்க் குளத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போட்ட போட்டோவை நேற்று எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நாலு பக்கமும் சிமென்ட், நடுவில் நீரூற்று, பேருக்குக்கூட ஒரு அல்லி இலை இல்லை. "சூப்பர்", "நம்ம பாண்டி" என்று கீழே ஒரே கைதட்டல். நான் கேட்டது ஒன்றுதான்: அங்கே இருந்த பச்சைத் தவளைகள் எங்கே? "வந்துட்டாருப்பா தவளை வக்கீல்" என்று பதில் வந்தது. அதற்கு முப்பது சிரிப்பு. சரி, வக்கீலாகவே பேசுகிறேன்.

1834-இல் லெசோன் என்ற பிரெஞ்சுக்காரர் பெயர் வைத்த தவளை அது. அது கிடைத்த இடம் பாண்டிச்சேரி. அதன் அறிவியல் பெயரில் வரும் 'ஹெக்ஸாடாக்டிலஸ்' என்றால் ஆறு விரல். எண்ணினால் பின்காலில் ஐந்துதான். பக்கத்தில் துருத்தும் முண்டு ஆறாவது மாதிரி தெரியும். தண்ணீரை விட்டு அதிகம் வெளியே வராது. அல்லி இலைகளுக்கு நடுவே கண் இரண்டை மட்டும் வெளியே வைத்து மிதக்கும். வளர்ந்த தவளை பூச்சியோடு நீர்ச்செடியின் இலையையும் தின்னும். தவளைகளில் இது அபூர்வம். செடியை வழித்து எடுத்தால் அதற்கு வீடும் போச்சு, சோறும் போச்சு. இதற்குப் பெயர் சுத்தமா?

"டெங்கு வந்தா நீங்க பாப்பீங்களா?" என்கிறார்கள். ஏடிஸ் கொசு வளர்வது உங்கள் மொட்டைமாடி டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும். அதை முதலில் கவிழ்த்துப் போடுங்கள். பாம்பு வரும் என்பது உண்மைதான். வரட்டுமே.

நான் ஒன்றும் உத்தமன் வீட்டுப் பிள்ளை இல்லை. எண்பதுகளில் என் அப்பாவே பாகூர்ப் பக்கம் ராத்திரியில் பெட்ரோமாக்ஸோடு தவளை பிடிக்கப் போனவர். தவளைக்காலை மட்டும் வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஒருநாள் திண்ணையில் கிடந்த சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று, வழுவழுவென்று, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக முண்டிக்கொண்டிருந்தன. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. 1987-இல் ஏற்றுமதிக்குத் தடை வந்தபிறகுதான் அப்பா கொத்து வேலைக்குப் போனார். அத்தனை சாக்குக்கும் தப்பிய இனம் இப்போது செல்ஃபிக்குப் போகிறது.

கத்தல் தாங்காமல் தூக்கம் போச்சாம். நீரூற்று மோட்டார் மட்டும் தாலாட்டா?

அப்புறம், வக்கீல் என்று சிரித்த தம்பி வேறு யாருமில்லை, எங்கள் தெருப் பையன்தான். அதே குளத்தில் தலைப்பிரட்டையை மீன்குஞ்சு என்று நினைத்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து வைத்திருந்தான். கால் முளைத்ததும் பயந்து அழுதான். பாட்டிலைக் கொண்டுபோய் அல்லிக்கு அடியில் கவிழ்த்துவிட்டு வந்தது நான்தானேடா?