மூத்த குடிமக்கள் ரயில் சலுகை: ஒரு சின்னத் திருத்தம்

ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை திரும்ப வந்துவிட்டது, முன்பதிவில் 'சீனியர் சிட்டிசன்' என்று தேர்ந்தெடுத்தால் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் பகிர்ந்திருப்பார், ஆனால் தகவல் சரியல்ல.

60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த சலுகை, கொரோனா தொடங்கிய 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. அப்புறம் ரயில்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கியும் சலுகை மட்டும் வரவில்லை. ஸ்லீப்பருக்கும் மூன்றாம் ஏசிக்குமாவது திரும்பத் தரலாமே என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே சொல்லிப் பார்த்தது. (ஓய்வூதியத்தை எண்ணி எண்ணிச் செலவு செய்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்பது வேறு கதை.)

குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஐஆர்சிடிசி தளத்தில் 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' என்று ஒரு கோட்டா இருக்கிறது. அது கீழ்ப் படுக்கை கிடைப்பதற்கான ஒதுக்கீடு மட்டுமே. கட்டணம் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

சந்தேகமிருந்தால் நீங்களே பாருங்கள். ஒரே ரயில், ஒரே நாள், ஸ்லீப்பர் வகுப்பு. பொது கோட்டாவில் 30 வயதுப் பயணி ஒருவரையும், 'லோயர் பெர்த் / சீனியர் சிட்டிசன்' கோட்டாவில் 65 வயதுப் பயணி ஒருவரையும் தனித்தனியாகப் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்த் தொகையை ஒப்பிடுங்கள். பணம் கட்ட வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள், சில வகை நோயாளிகள், மாணவர்களுக்கான சலுகைகள் தனி, அவை நிறுத்தப்படவில்லை.