பத்து மாதமாகியும் அரைத்தேதான் கொடுக்க வேண்டுமா?

இலங்கையின் வன்னியில் நான் அறிந்த பல வீடுகளில், ஒன்பது பத்து மாதப் பிள்ளைகளுக்கும் சோற்றையும் பருப்பையும் மரக்கறியையும் ஒன்றாகக் கிரைண்டரில் அடித்துத் தீத்துகிறார்கள். கட்டியாகக் கொடுத்தால் துப்புகிறான், ஓங்காளிக்கிறான் என்று தாய்மார் சொல்லும்போது அவர்களின் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் அந்தப் பயத்துக்காகக் கிரைண்டரோடு நின்றுவிடுவது பிள்ளைக்கு நல்லதல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஆறு மாதம் நிறைந்ததும் தாய்ப்பாலோடு மசித்த உணவில் தொடங்கி, ஏழு எட்டு மாதத்தில் சிறு கட்டிகளை விட்டு, ஒன்பது மாதமளவில் பொடியாக நறுக்கிக் கொடுத்து, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டுக்கே கொண்டுவர வேண்டும் என்றுதான் தாய் சேய் கிளினிக்கில் சொல்லித்தருகிறார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றில், ஒன்பது மாதம் கடந்த பிறகே கட்டியுள்ள உணவைக் கண்ட பிள்ளைகளுக்கு ஏழு வயதிலும் சாப்பாட்டுச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. மரக்கறியும் பழமும் அவர்கள் குறைவாகவே உண்டார்கள்.

பல் முளைத்துப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டும்வரை பொறுப்போம் என்போரும் உண்டு. முன்பல் கடிக்கத்தான் உதவும். அரைக்கும் கடைவாய்ப்பல் ஒரு வயதுக்குப் பிறகே முளைக்கும். குழைந்த சோற்றை நசுக்கப் பல் ஈறான முரசே போதும். உணவை நாக்கால் பக்கத்துக்குத் தள்ளி மெல்லும் பழக்கமோ, வாயில் மெல்ல ஏதாவது இருந்தால்தான் வரும்.

ஓங்காளிப்பதும் தொண்டை அடைப்பதும் ஒன்றல்ல. கைக்குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிட நாக்கின் முன்னுக்கே உணவு பட்டாலும் ஓங்காளம் வரும். பிள்ளை முகம் சிவந்து, இருமி, தானே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராமல், இருமவோ அழவோ முடியாமல் உதடு நீலம் பாய்ந்தால்தான் ஆபத்து. அப்போது முகம் கீழாகக் கையில் தாங்கி முதுகில் தட்டும் முறையைப் பிள்ளையைப் பார்க்கும் ஒவ்வொருவரும் கிளினிக்கில் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். கச்சான் கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கரட் துண்டு ஆகியவற்றைக் கொடுக்கவே கூடாது. மடியில் மலர்த்திப் படுக்கவைத்துத் தீத்தாமல், நிமிர்த்தி இருத்தியே கொடுக்க வேண்டும்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. சோற்றைக் குழைய அவித்து, அதில் பருப்பும் பூசணியும் முருங்கையிலையும் சேர்த்துக் கையாலேயே மசியுங்கள். நாள் போகப்போக மசிப்பதைக் குறைத்து, பருக்கை நாக்கில் தட்டுப்படும்படி விடுங்கள். கரண்டியைச் சரித்தால் ஒழுகிவிடும் தண்ணிக் கரைசல் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பைத் தேற்றாது. ஆறு மாதத்தின்பின் பிள்ளையின் உடலிலுள்ள இரும்புச்சத்தின் இருப்புக் குறைந்துவிடுவதால், முட்டையும் ஈரலும் முள் நீக்கிய குளத்து மீனும் கட்டாயம் வேண்டும். உப்பும் உறைப்பும் போடுமுன் வீட்டுக் கறியிலிருந்தே பிள்ளையின் பங்கை எடுத்துவைத்தால், தனிச் சமையலும் இல்லை.

முள்ளியவளையிலுள்ள என் பெறாமகளின் பிள்ளை கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பும். விரல் நீளத்துக்கு வெட்டி அவித்த வற்றாளைக் கிழங்கைக் கையில் கொடுத்தபோது, முதலில் பிசைந்தது, பிறகு நக்கியது, அதன் பிறகே முரசால் கரண்டத் தொடங்கியது. பாயெல்லாம் கிழங்குதான், ஆனாலும் வாய்க்குள் போனது பிள்ளை தானாக விரும்பி எடுத்தது. இரு விரலுக்கிடையில் அழுத்தினால் நசிகிற பதம் இருந்தால் போதும்.

வேண்டாமென்றால் அத்தோடு நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் திரும்பக் கொடுங்கள். ஒரு புதிய உணவு பிடிபடப் பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். வாயைப் பிளந்து திணிப்பதும், தொலைபேசியில் படம் காட்டி ஏமாற்றி ஊட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை.

ஒவ்வொரு வாய்க்கும் புரைக்கேறினாலோ, பால் குடிக்கும்போதும் இருமினாலோ, கிளினிக் கொப்பியில் நிறைக்கோடு கீழிறங்கினாலோ, வீட்டில் வைத்துப் பார்க்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வயலுக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகும் தாய்மார், பகலில் பிள்ளையை வைத்திருக்கும் அம்மம்மாவையும் அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். மத்தியானச் சோற்றை மசிப்பவர் அவர்தானே.