எந்தக் கன்னரன்? எந்தக் குந்தவை?

திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போகிற வடசென்னைக்காரர்கள் ஒருமுறை காலடியையும் பாருங்கள். ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்துக் கட்டிய கோயில் அது. அதற்கு முந்திய கல்வெட்டுகள் பல, தளத்தில் பதித்த பலகைக் கற்களில் கிடைத்தவை. பல்லவ அபராஜிதன், சோழன் பராந்தகன், தக்காணத்தை ஆண்ட ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் என்று நூறாண்டுக்குள் மூன்று வம்சங்களின் ஆட்சியாண்டு அங்கே வருகிறது. பெண் கொடுத்து, பெண் எடுத்து, பிறகு படையெடுத்தவர்களின் கதை இது.

கல்வெட்டு 'கச்சியும் (காஞ்சியும்) தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று தொடங்கினால் அது மூன்றாம் கிருஷ்ணன். சோழர் வீட்டிலேயே இன்னொரு கன்னரதேவன் உண்டு. இங்கேதான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஆதித்த சோழன் மணந்த இளங்கோன் பிச்சி, ராஷ்டிரகூட இரண்டாம் கிருஷ்ணனின் மகள். அவள் பெற்ற பிள்ளைக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர். கன்னரன் என்றால் கிருஷ்ணன்தான். 907-இல் பட்டம் அவனுக்குப் போகாமல் வேறு ராணியின் மகன் பராந்தகனுக்குப் போனது. பேரனுக்காகப் பாட்டன் படையோடு வந்தான். திருவல்லத்தில் நடந்த போரில் பராந்தகன் ஜெயித்தான். அந்தக் கல்யாணம் நடக்காமல் இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கு முகாந்திரமே இல்லை.

திருவல்லத்தில் சோழன் பக்கம் நின்றவன் கர்நாடகத்துக் கங்க அரசன் இரண்டாம் பிருதிவீபதி. வாணர் என்ற சிற்றரசர்களிடமிருந்து பறித்த நாடும் 'செம்பியன் மாவலிவாணராயன்' பட்டமும் அவனுக்குக் கிடைத்தன. அடுத்த தலைமுறையில் கங்கர்களின் இன்னொரு கிளையில் வந்த பூதுகன், மூன்றாம் கிருஷ்ணனின் அக்கா ரேவகநிம்மடியைக் கட்டினான். 949-இல் தக்கோலத்தில் நடந்த போரில் பராந்தகன் மகன் ராஜாதித்தனைக் கொன்றவன் அந்தப் பூதுகன்தான். மச்சான் கொடுத்த பரிசில் 'பனவாசி பன்னீராயிரம்' என்ற நாடும் ஒன்று; கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டில் இது இருக்கிறது. காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டைநாயின் நினைவும் அதே கல்லில்தான்!

தக்கோலத்தின் துக்கம் திருவொற்றியூரிலும் உண்டு. ராஜாதித்தனின் நண்பனும் படைத்தலைவனுமான கேரளத்து வல்லபன், அவனோடு சேர்ந்து சாக முடியவில்லையே என்று துறவு பூண்டு இங்கே சதுரானன பண்டிதர் ஆனார். அதைச் சொல்லும் கல்வெட்டு, நண்பனைக் கொன்ற தரப்பின் அரசனான மூன்றாம் கிருஷ்ணனின் 20-ஆம் ஆட்சியாண்டிலேயே பொறிக்கப்பட்டது. எத்தனை முறை படித்தாலும் மனசு கனக்கிறது.

ஆந்திரக் கடலோரத்தில் கீழைச் சாளுக்கியர் ஆண்ட வேங்கிக்கு வருவோம். குந்தவை இருவர். வந்தியத்தேவனை மணந்தவள் ராஜராஜனின் அக்கா. வேங்கி விமலாதித்தனை மணந்தவள் ராஜராஜனின் மகள். இவள் மகன் ராஜராஜ நரேந்திரன் ராஜேந்திரனின் மகள் அம்மங்கையைக் கட்டினான். அவர்கள் மகன்தான், இரண்டாம் ராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்த முதல் குலோத்துங்கன். தாய், பாட்டி, மனைவி மூவரும் சோழர் வீட்டுப் பெண்கள். 'தெலுங்கன் வந்து சோழ அரியணையைப் பிடித்துக்கொண்டான்' என்று குலோத்துங்கனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மூன்று பெண்களையும் அழித்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

வேங்கியிலும் பெண் கொடுத்ததால் அமைதி வந்துவிடவில்லை. விமலாதித்தனின் இன்னொரு மனைவி மேளமையின் மகன் விஜயாதித்தனை, நரேந்திரனுக்கு எதிராக, கர்நாடகத்தில் ஆண்ட கல்யாணிச் சாளுக்கியர் தூக்கிப்பிடித்தார்கள். அதே கல்யாணி வீட்டு விக்கிரமாதித்தனுக்குத்தான் பின்னாளில் சோழன் வீரராஜேந்திரன் தன் மகளைக் கொடுத்தான். 1070-இல் மாமனார் இறந்ததும் மருமகன் கங்கைகொண்டசோழபுரம் வரை வந்து மைத்துனன் அதிராஜேந்திரனைப் பட்டத்தில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பினான். கொஞ்ச நாளிலேயே மைத்துனன் செத்தான், குலோத்துங்கன் உட்கார்ந்தான்.

ஆகவே ஒரு அரச கல்யாணத்தைப் பற்றி எழுதுமுன் மற்ற ராணிகளின் மகன்கள் யார், பெண் கொடுத்த மாமனார் எந்த ஆண்டு இறந்தார் என்று பாருங்கள். பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவுகட்டாதீர்கள். குலோத்துங்கனுக்கே முதல் சில ஆண்டுகளின் கல்வெட்டுகளில் ராஜேந்திர சோழன் என்றுதான் பெயர்.