வேற லெவல்

மேனேஜர்: என்னண்ணே இது? காரைக்குடியிலேருந்து கொத்தனார் போன்ல கத்துறார். ஹால்ல பதிச்ச நம்ம தரைக்கல்லுல பாதி மேல நிக்குது, பாதி கீழ கிடக்குதாம்!

கல்லுக்காரர்: எவ்வளவு மேல?

மேனேஜர்: கால் அங்குலம்!

கல்லுக்காரர்: அப்ப சரியாத்தான் வந்திருக்கு.

மேனேஜர்: எதுண்ணே சரி?

கல்லுக்காரர்: திங்கக்கிழமை மீட்டிங்ல நீங்கதானே, "இனிமே நம்ம ஆத்தங்குடிக் கல்லு வேற லெவல்ல இருக்கணும்"னீக. முக்கால் அங்குலக் கனத்துல போட்டுக்கிட்டிருந்தேன். லெவல மாத்திட்டேன்.

மேனேஜர்: ஐயோ, அது உங்களை மோட்டிவேட் பண்ணச் சொன்னதுண்ணே!

கல்லுக்காரர்: எவ்வளவு ஏத்தணும்னு கேட்டேன். "லிமிட்டே இல்லண்ணே"ன்னீக. நானாப் பாத்து ஒரு அங்குலத்தோட நிறுத்தினேன்.

மேனேஜர்: மத்தவங்களுக்கெல்லாம் புரிஞ்சுச்சே. எல்லாரும் கை தட்டினாங்களே?

கல்லுக்காரர்: வடை வந்துருச்சு தம்பி.

(மேனேஜர் முதலாளி வீட்டுப் பிள்ளை. மதுரையில் இரண்டு நாள் ஊக்கப் பயிற்சி முடித்து வந்தவர். மதியச் சாப்பாடு பிரமாதம் என்று கேள்வி.)

மேனேஜர்: சரி, அந்தப் பூக்கல்லுல நீலம் ஏன் பச்சைக்குள்ள ஓடிருக்கு?

கல்லுக்காரர்: கண்ணாடி மேல அச்சை வச்சு, சாயத்தை ஊத்தி, மூச்சை அடக்கி அச்சைத் தூக்குறேன். பின்னாடி வந்து "பின்றீங்கண்ணே!"ன்னு முதுகுல ஒண்ணு போட்டீக.

மேனேஜர்: பாராட்டினது தப்பா?

கல்லுக்காரர்: கையில அச்சு இல்லாதப்பப் பாராட்டுங்க. எதுக்குன்னும் சொல்லுங்க. புதுப் பையன் கல்லைத் தொட்டித் தண்ணியில போடாமலே அடுக்கிட்டான். அவனையும் "சூப்பர்டா"ன்னீக. இன்னிக்கும் போடலை.

மேனேஜர்: குறை சொன்னா மனசு உடைஞ்சிரும்னு கிளாஸ்ல சொன்னாங்கண்ணே.

கல்லுக்காரர்: இப்பக் கல்லு உடையுது.

மேனேஜர்: வேற எப்படித்தான் சொல்றது?

கல்லுக்காரர்: "இன்னிக்குப் போட்ட கல்லு நாளைக்குத் தொட்டியில இறங்கணும்டா, ஊறாட்டி சிமிண்டு சரியா இறுகாது." இவ்வளவுதான்.

மேனேஜர்: இதுல மோட்டிவேஷனே இல்லையே!

கல்லுக்காரர்: ஊறின கல்லுலேருந்து கண்ணாடியைக் கழட்டுறப்ப அவன் மூஞ்சியைப் பாருங்க. சூளையில வைக்கலை, பாலீஷ் போடலை, கல்லு மினுங்கும். அவனும் சேந்து மினுங்குவான்.

மேனேஜர்: ஆனாலும் பெருசா ஒரு வார்த்தை சொன்னாத்தானே வேற லெவல்ல...

கல்லுக்காரர்: உங்க ஐயாவோட அப்பச்சி ரங்கூன் கடைக்குப் போனப்ப எழுதின சம்பளச் சீட்டு, உங்க வீட்டு வளவுல பிரேம் போட்டுத் தொங்குதே, படிச்சிருக்கீகளா? மூணு வருசம், இன்ன சம்பளம்னு கறாரா இருக்கும். அதுல எங்கயாச்சும் வேற லெவல் இருக்கா?

மேனேஜர்: அதெல்லாம் அந்தக் காலம்ண்ணே.

கல்லுக்காரர்: இந்தக் காலத்துக்கே வர்றேன். தீபாவளிக்குக் கூலி ஏத்தித் தரேன்னீகளே, எவ்வளவு?

மேனேஜர்: (தொண்டையைச் செருமி) அது... இந்தத் தடவை வேற லெவல்ல பண்ணிருவோம்ண்ணே!

கல்லுக்காரர்: முக்காலா, ஒண்ணா தம்பி?