சீனப் பெண் மருத்துவர் ‘தான் யுன்ஷியான்’ பற்றியும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்

சீன மருத்துவத்தில் பெண்களின் பங்கு பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்தேன். பண்டைய சீனத்தில் பெண்கள் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளாகவும் மூலிகை விற்பவர்களாகவும் மட்டுமே இருந்தனர் என்று அக்கட்டுரை முடிப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஹான் அரசமரபின் பேரரசர் ஊவின் தாய்க்கு மருத்துவம் பார்த்த யி ஷூ என்ற பெண்ணை அக்கால வரலாற்று நூலே குறிப்பிடுகிறது.

அதைவிட முக்கியமானவர், மிங் அரசமரபின் காலத்தில், 1461-இல் பிறந்த ‘தான் யுன்ஷியான்’ என்ற பெண் மருத்துவர். மருத்துவம் அறிந்த பாட்டியிடம் சிறுவயதிலேயே பாடம் கேட்டு, அவர் விட்டுச்சென்ற மருந்துக் குறிப்புகளைக் கொண்டு தொழிலைத் தொடர்ந்த இவர், 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாம் குணப்படுத்திய 31 பெண்களின் நோய்க் குறிப்புகளைத் தொகுத்து, மகனைக் கொண்டு படியெடுத்து அச்சேற்றினார். ஆண் மருத்துவரிடம் உடல் உபாதைகளைச் சொல்லக் கூசிய பெண்கள் இவரிடம் மனம் திறந்தனர் என்பதே அந்நூலின் பெருமதிப்பு என்று கருதுகிறேன். படகில் சுக்கான் பிடித்துக் கைகள் மரத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது, நோயை மட்டும் சொல்லாமல், அவளுடைய உழைப்பையும் சேர்த்தே காரணமாகப் பதிவு செய்கிறார். கழுத்தில் கட்டி கண்டவர்களுக்கு, உலர்ந்த மாசிப்பத்திரி இலையை எரித்துக் குறிப்பிட்ட புள்ளிகளில் சூடு கொடுக்கும் முறையை அவர் கையாண்டதும் அதில் உள்ளது.

ஆண்கள் எழுதிய மருத்துவ நூல்கள் ஏராளமாகக் கிடைக்கும் நாட்டில், ஒரு பெண் தம் பெயரிலேயே எழுதிய இந்த அரிய சான்றைக் கட்டுரையாளர் அவசியம் சேர்க்க வேண்டும்.