உரம் எடுக்கும் ஆச்சி கழுத்தில் கை வைக்கவில்லை

மெல்போர்னில் இருக்கும் சித்தி மகள் நேற்று ராத்திரி போன் போட்டாள். பிள்ளைக்கு ஆறு வாரம், சாயங்காலம் ஆனால் வீல் வீல் என்று அழுகிறதாம், தெரிந்தவர்கள் கைரோபிராக்டரிடம், அதாவது முதுகெலும்பைக் கையால் அமுக்கியும் சொடுக்கியும் வைத்தியம் பார்ப்பவரிடம், காட்டச் சொல்கிறார்களாம். "மெதுவாத்தான் தொடுவாங்களாம்க்கா, தக்காளி பழுத்திருக்கான்னு அமுக்கிப் பார்ப்போம்ல, அந்த அளவுதானாம், போகட்டுமா?" என்கிறாள். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் மதுரையிலும் இதே கேள்விதான், பிள்ளைக்குச் சுளுக்கு மாதிரி உரம் விழுந்திருக்கு, யார்கிட்ட எடுக்கலாம் என்று வருகிறது.

என் மகள் இரண்டு மாதத்தில் முகத்தை எப்போதும் வலது பக்கமே வைத்திருப்பாள், இடது பக்கம் திருப்பினால் அழுகை. மாமியார் பார்த்ததுமே உரம் என்றுவிட்டார்கள். செல்லூரில் ஒரு ஆச்சியிடம் தூக்கிக்கொண்டு போனோம். பழைய நூல் சேலையில் பிள்ளையைப் படுக்கவைத்து, ஒரு முனையை என்னிடமும் மறுமுனையை மாமியாரிடமும் கொடுத்து இப்படியும் அப்படியும் உருட்டச் சொன்னார்கள், அப்புறம் எண்ணெய் தொட்டு முதுகை நீவினார்கள். கழுத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இடது பக்கம் ஒரு இடத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "இங்க கட்டியா ஒண்ணு உருளுது தாயி, இதுல நான் கை வைக்க மாட்டேன், டாக்டர்கிட்ட காட்டு" என்றார்கள். காசும் வாங்கவில்லை.

குழந்தை டாக்டர் பார்த்தார், ஸ்கேன் எடுத்தோம். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை இறங்கும் தசை இறுகியிருந்தது. பிசியோதெரபிஸ்ட் பிள்ளையின் தலையை எப்படி மெல்லத் திருப்பிப் பிடிப்பது என்று என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு, கிலுகிலுப்பையை இடது பக்கமே ஆட்டி, பொறுமையாகச் செய்ததில் ஏழாம் மாதம் இரண்டு பக்கமும் திரும்பினாள். அந்த இடத்தில் யாராவது சலூனில் எடுப்பதுபோல நெட்டி எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. தலை நிற்காத பிள்ளையை, சேலையில் உருட்டுவதற்குக்கூட இப்போது கொடுக்க மாட்டேன்.

கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவில் டேவன்போர்ட் என்ற ஊரில் பால்மர் என்பவர் தொடங்கியது. பெரியவர்களின் இடுப்பு வலிக்குப் போகிறவர்கள் போகட்டும், அது அவர்கள் விருப்பம். பிள்ளைகள் விஷயத்தில், தங்கச்சி இருக்கும் ஆஸ்திரேலியாவிலேயே இரண்டு வயதுக்குக் கீழே முதுகெலும்பைச் சொடுக்கும் முறை வேண்டாம் என்று 2019இல் அந்தத் தொழிலுக்கான வாரியமே சொன்னது, நடுவில் தளர்த்தி, எதிர்ப்பு வந்ததும் 2024இல் மறுபடி நிறுத்தியது. பலன் இருக்கிறது என்பதற்கான ஆதாரம் மிகவும் பலவீனம். மெதுவாகத் தொடுவதால் கெடுதல் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், காரணம் தெரியாமல் தொடுவதில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. இந்தச் சாயங்கால அழுகை இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்து, ஆறு வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாகவே அடங்கும். உச்சத்தில் நாம் யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அப்புறம் குறையத்தான் செய்யும், பேர் அவர்களுக்குப் போய்விடும்.

ஆனால் காய்ச்சல் இருந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உச்சிக்குழி புடைத்திருந்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கை கால் ஒன்றை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தாலும் அதேதான், அதை உரம் என்று சொல்லி வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

தங்கச்சி நாளைக்குக் காலையில் டாக்டரிடம் காட்டுகிறாள். போன் வைக்கும்போது பிள்ளை அவள் தோளில் கிடந்து விக்கிக்கொண்டிருந்தது, அவள் முதுகைத் தட்டியபடி ஹாலுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.