வரிசை எண் பற்றி ஒரு சின்னத் திருத்தம்

சிங்கப்பூர் வாக்குச்சீட்டில் வரிசை எண் இருப்பதால் யாருக்கு வாக்களித்தோம் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும், 21 வயதாகி முதல்முறை வாக்களிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் எச்சரித்து வைப்பது நல்லது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பிள்ளைகள் மீதுள்ள அக்கறைதான், புரிகிறது. ஆனால் தகவல் சரியில்லை.

எண் இருப்பது உண்மை. கள்ளச்சீட்டையும் ஆள்மாறாட்டத்தையும் பிடிக்கத்தான் அது. சீட்டைக் கிழித்துத் தந்தபின் மிஞ்சும் அடிக்கட்டையிலும் அதே எண் இருக்கும். உங்கள் வாக்காளர் எண்ணையும் அதில் குறிப்பார்கள். பயம் கிளம்புவது இங்கேதான். சரி, அவை எங்கே போகின்றன? எண்ணி முடித்ததும் சீட்டுகளும் அடிக்கட்டைகளும் முத்திரையிடப்பட்டு உச்ச நீதிமன்றத்தில் ஆறு மாதம் இருக்கும், அப்புறம் அழிக்கப்படும். நடுவில் பிரித்துப் பார்க்க நீதிமன்ற ஆணை வேண்டும். 1948 முதல் அப்படியோர் ஆணை பிறப்பிக்கப்பட்டதே இல்லை என்கிறது தேர்தல் துறை.

நாடாளுமன்றத் தேர்தல் சட்டம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாக்கு ரகசியம் பற்றித் தேர்தல் துறையின் இணையத்தளத்திலும் விளக்கம் உண்டு. ‘அதுவும் அரசாங்கம் சொல்வதுதானே’ என்று தோன்றினால், எதிர்க்கட்சிக்காக வாக்கு எண்ணும் இடத்தில் முகவராக இருந்தவர் யாரையாவது கேளுங்கள். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியும் வாக்கு ரகசியமானது என்றே வாக்காளர்களிடம் சொல்லி வந்திருக்கிறது.